நகரத்து நீரின் வரவும் செலவும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

தமிழ் விழாவிலே தண்ணீரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். 2024ஆம் ஆண்டுக் கோடையில் லாரி வரும் ஓசை கேட்டுக் குடமெடுத்து ஓடிய தாய்மார்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். நான் ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எளியவன். ஆதலால் தண்ணீரையும் ஒரு வரவு செலவாகவே உங்கள்முன் வைக்கின்றேன்.

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டு நிலம். நகருக்குள் வற்றாத பேராறு இல்லை. அடியிலோ கடும் பாறை. இயற்கை இதற்கு அளித்த வருவாய் மழை ஒன்றே. அது சராசரியாக ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கின்றது.

இதனை உணர்ந்த முன்னோர் சரிவுதோறும் ஏரிகளை வெட்டினர். மேலேரி நிரம்பினால் மிகுநீர் கால்வாய் வழியே கீழேரிக்குச் செல்லும். தேங்கிய நீரில் ஒரு பகுதி நிலத்துள் இறங்கிக் கிணறுகளில் ஊறும்; ஒரு பகுதி ஆவியாகும். மண்ணின் ஈரத்தை மரங்கள் வேரால் உறிஞ்சி இலைவழியே காற்றுக்குத் தரும். எஞ்சியதே ஆற்றைச் சேரும். இதுவே இயற்கையும் மனிதனும் இசைந்து நடத்திய பழைய கணக்கு.

அக்கணக்கு இன்று எவ்வாறு மாறிற்று? தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பேகௌடா பேருந்து நிலையம் நிற்கின்றது. சம்பங்கி ஏரியின் இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது. மண் இருந்த இடமெல்லாம் சிமெண்டும் தாரும் பரவின. நிலத்துள் இறங்கவேண்டிய மழை தெருவில் ஓடுகின்றது. ஆழ்துளைக் கிணறுகளோ பாறை இடுக்குகளில் பல்லாண்டு சேர்ந்த முதலை எடுத்துச் செலவழிக்கின்றன.

2022 செப்டம்பரில் இந்நகரின் வீதிகளில் படகு செலுத்தினர். 2024 மார்ச்சில் அதே நகரம் நாவறண்டு நின்றது. 2023இல் பருவமழை குறைந்தது இயற்கையின் செயல்; பெய்த ஆண்டில் சேர்த்து வையாதது நம் செயல். இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

1974 முதல் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் மேலேற்றிக் கொண்டுவரப்படுகின்றது. அந்நீர் செலவான பின் எங்கே போகின்றது? ஒருபுறம் விருஷபாவதி வழியே அர்க்காவதியைச் சேர்ந்து மீண்டும் காவிரிக்கே போகின்றது. மறுபுறம் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே தென்பெண்ணையை அடைந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்குச் செல்கின்றது. நாம் இங்கே கழித்த நீர், நம் சொந்த நாட்டு உழவனின் வயலுக்கு நுரையோடு போய்ச் சேருகின்றது! பிறந்த மண்ணுக்கு நாம் அனுப்பும் சீர் இதுதானா?

நிற்க. நம் காலனியின் பழைய கிணற்றைத் தூர்த்து வண்டி நிறுத்துமிடமாக்கலாம் என்ற பேச்சு எழுந்துள்ளது. கிணறு வறண்டது, குழந்தைகளுக்கு ஆபத்து, கொசு பெருகும் என்று கூறுகின்றனர். இவை தள்ளத்தக்க அச்சங்கள் அல்ல. ஆயினும் இரும்புக் கம்பி மூடியும் கொசுவலையும் இட்டால் அவை தீரும். கிணறு வறண்டதற்குக் காரணம், அதற்குள் நீர் இறங்க நாம் வழிவிடாமையே.

100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர். 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். அத்தகைய கூரைகள் பத்தினின்று ஒரே மாலையில் 20,000 லிட்டர் சாக்கடைக்குப் போகின்றது! முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டு, பின்வருவதைச் சரளையும் மணலும் இட்ட தொட்டியில் வடித்துக் கிணற்றில் விட்டால் போதும். அத்தனையும் நமக்கே திரும்பக் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. பக்கத்துத் தெருவின் கிணறு ஊறினாலும் அது நட்டமாகாது.

ஆகவே பொதுக்குழுவில் இவ்விஷயம் வரும்போது, கிணற்றைத் தூர்க்காமல் தூர்வார வேண்டும் என்று ஒருமனமாகத் தீர்மானிக்குமாறு வேண்டுகின்றேன். வண்டிக்கு வேறிடம் தேடலாம்; தண்ணீருக்கு வேறிடம் இல்லை.