எங்கள் தெருவுக்கு யார் பொறுப்பு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொறியாளனைப் பேசக் கூப்பிட்டால் பாலத்தைப் பற்றியோ கம்ப்யூட்டரைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்திருப்பது கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்தைப் பற்றி. சிரிக்காதீங்க, காரணம் இருக்கிறது.

என் தாத்தா 1968-இல் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டவர். அப்பா 2006-இல் போட்டார், அதுவும் ஒரே தடவை. எனக்கு வயது முப்பத்தைந்து. எம்.எல்.ஏ.வுக்குப் போட்டிருக்கிறேன், எம்.பி.க்குப் போட்டிருக்கிறேன். எங்கள் தெருவுக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், உள்ளாட்சி நமக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 1880-லேயே இங்கே கொம்யூன்களை ஏற்படுத்திவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேர், ஒரு சபை. அந்த அலுவலகத்தை மேரி என்றார்கள். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அங்கேதான் பதிவு. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பத்தாருக்கு அந்தப் பழைய பதிவேட்டின் அருமை தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பேர் கலந்துகொண்டார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த 178 பேர் யார்? பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நம் கொம்யூன்களின் உறுப்பினர்களும்தான். எந்த நாட்டோடு சேருவது என்பதையே உள்ளாட்சி உறுப்பினர்கள் சேர்ந்து முடிவு செய்த மண் இது.

அப்பேர்ப்பட்ட மண்ணில் 1968-க்குப் பிறகு 38 வருஷம் தேர்தலே இல்லை. 1973-இல் சட்டம் வந்தது, 1974-இல் நடைமுறைக்கும் வந்தது. மேர் பதவி போயிற்று, நிர்வாகம் அதிகாரிகள் கைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 73, 74-ஆவது திருத்தங்கள் 1993-இல் கட்டாயமாக்கிய பிறகும் 2006 வரை காத்திருந்தோம். வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. பிறகு 2021-இல் ஒரு தேர்தல் அறிவிப்பு வந்தது. அதுவும் இடஒதுக்கீடு பற்றிய வழக்கில் நின்றுபோனது.

"அதனால் என்ன? வேலை நடக்கத்தானே செய்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆணையர் இருக்கிறார், ஊழியர்கள் இருக்கிறார்கள். தெருவிளக்கு எரிகிறது, குப்பை அள்ளப்படுகிறது, வீட்டு வரிக்கு ரசீது வருகிறது, பிறப்புச் சான்றிதழ் கிடைக்கிறது. அந்த ஊழியர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சம்பவம் சொல்கிறேன், கேளுங்கள்.

ஊர் பெயர் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு தெருவில் சாக்கடைக்குக் குறுக்கே சிறுபாலம் கட்டினார்கள். கான்கிரீட் நல்ல கான்கிரீட், கம்பியும் சரியான கம்பி. ஆனால் குழாயை வைத்த மட்டம் சாக்கடையின் அடிமட்டத்தைவிட ஒரு சாண் உயரம். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தெருவிலேயே நின்றது. எதிர்வீட்டுப் பாட்டி சொன்னார்: "ஏந்தம்பி, தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு எங்களை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

நான் படித்த படிப்புக்கு அதைவிட நல்ல ஆய்வறிக்கை கிடையாது. அந்த வார்த்தையைக் கேட்கத்தான் வார்டு உறுப்பினர் வேண்டும். அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார், மெம்பர் அதே தெருவில் குடியிருப்பார். அவர் வீட்டு வாசலிலும் அதே தண்ணீர்தான் நிற்கும்.

2004 டிசம்பர் 26 உங்களுக்கு நினைவிருக்கும். சுனாமி வந்த அன்று நம் கடலோர ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. பூவத்தைத் தாண்டி நண்டலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தரங்கம்பாடி வட்டாரத்தில் 1996 முதலே இருந்தார்கள். நம் பக்கத்தில் பாரம்பரிய மீனவர் பஞ்சாயத்தார்தான் முன்னே நின்றார்கள். அவர்கள் செய்த உதவியை மறக்க முடியாது. ஆனாலும் அந்தப் பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமில்லை, மீனவரல்லாத கூலிக்காரருக்கும் இடமில்லை. மூன்றில் ஓர் இடம் பெண்களுக்கு என்று சட்டம் சொல்வதன் அவசியம் அப்போது புரிந்தது.

தமிழ்நாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் 2016 முதல் 2019 வரை தேர்தல் தள்ளிப்போனது. தேர்ந்தெடுத்த மெம்பர் எல்லாருமே யோக்கியர் என்றும் சொல்ல மாட்டேன். சரியில்லாதவரை ஐந்து வருஷத்தில் மாற்றலாம், அவ்வளவுதான். நம்மால் அதுகூட முடியவில்லை.

தம்பி தங்கைகளே, இப்போது சாக்கடை அடைத்தாலும் எம்.எல்.ஏ. வீட்டுக்குத்தான் ஓடுகிறோம். சட்டம் செய்ய வேண்டியவரைச் சாக்கடை பார்க்க வைத்திருக்கிறோம். உங்கள் ஊர் எந்தக் கொம்யூனில் இருக்கிறது, உங்கள் கிராமப் பஞ்சாயத்து எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எந்த ரோடு பொதுப்பணித் துறையுடையது, எது கொம்யூனுடையது என்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது, எழுதிக் கேளுங்கள். தேர்தல் வரும்போது கேள்வியோடு நில்லுங்கள். முடிந்தால் வேட்பாளராகவும் நில்லுங்கள்.

என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் ஓட்டுப் போடும் வயதுக்கு வருவதற்குள் நானும் ஒரு தடவையாவது போட்டுவிட வேண்டும். எனக்கு இருப்பது அந்த ஓர் ஆசைதான்.