தரவரிசையை அப்புறம் பார்க்கலாம், பணம் யார் தருகிறார்கள்?

தோழர்களே,

இலக்கியம் படிக்க வெளிநாடு போகிறேன் என்றதும் எங்கள் வீட்டில் கேட்டார்கள்: "கடன் வாங்கினா எப்படிடா அடைப்ப?" அடகு வைக்க நிலமில்லாத குடும்பத்தின் நியாயமான கேள்வி அது.

1913இல் அம்பேத்கர் கொலம்பியா போனது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில். இன்று ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. நாடு முழுமைக்கும் 125 இடங்கள். ஆனால் 2022இல் விதியை மாற்றினார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்குப் பணம் கிடையாது. ஷேக்ஸ்பியரை ஆராயலாம், நம் கதைகளில் சாதியை ஆராயப் போனால் கதவு சாத்தப்படும்.

அதனால் வேறு வழிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் எம்.ஏ. படிப்பு பெரும்பாலும் கைக்காசில்தான். பிஎச்.டி.க்கோ பல துறைகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதத் தொகையும் தருகின்றன. பதிலுக்கு வகுப்பெடுக்க வேண்டும். எனவே எம்.ஏ.வை இங்கேயே முடித்துவிட்டு நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு உண்டா என்று எழுதிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக ஏறத்தாழ 12 ஆயிரம் யூரோ கையிருப்பு காட்டச் சொல்வார்கள். 'இலவசம்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் சொத்துக் கணக்கு இதுதான்.

தலித் இலக்கியம் பற்றி அங்கே ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. எழுதுகிறவர்களில் நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர்? அந்த விதியை நீக்கச் சொல்லிக் கேட்போம். தெரிந்த வழியை அடுத்த பிள்ளைக்கும் சொல்வோம்.

ஜெய்பீம்.