ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?

(யாழ்ப்பாணத்தில் நடந்த பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே,

1990களின் பொருளாதாரத் தடையில் இந்தக் குடாநாட்டு மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். மலையகத்தில் எங்களுக்கு அந்தப் பாடம் 2022 இல் வந்தது. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. தோட்டத்து நாட்சம்பளம் 1,000. இரண்டு லீற்றர் அடித்தால் அன்றைய உழைப்பு முடிந்தது. பிறகு கியூஆர் பங்கீட்டில் கிழமைக்கு 4 லீற்றர். அப்போதுதான் கணக்கு எழுதப் பழகினோம்.

தாங்கியை நிரப்பி மீற்றரைக் குறியுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது, ஓடிய கிலோமீற்றரை ஊற்றிய லீற்றரால் வகுங்கள். எண் குறைந்தால் ரயர் காற்று, செயின், எயார் பில்டர், உரசும் பிறேக் ஆகியவற்றைப் பாருங்கள். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு.

மலைப்பாதைக்கு ஒரு எச்சரிக்கை: எஞ்சினை நிறுத்தி இறக்கத்தில் உருட்டாதீர்கள். பிறேக் சூடேறினால் பிடிக்காது. எஞ்சினின் பிடிப்பும் இருக்காது. மிஞ்சுவது சில சொட்டு, போவது உயிர்.

மிச்சம் பிடித்தால் இந்தச் சம்பளமே போதும் என்று எவரும் சொன்னால், அந்தக் கணக்குக் கொப்பியை மேசையில் வையுங்கள். மிச்சம் பிடித்த பிறகும் போதவில்லை என்பதற்கு அதுவே நம் சாட்சி.