தாயின் இரத்தம் சொல்லும் முன்னறிவிப்பு
(பெஹாலாவில் மாணவர்கள், அலுவலர்களிடையே நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



பெஹாலாவின் ஊடே செல்லும் டயமண்ட் ஹார்பர் சாலை, தெற்கு 24 பர்கனா மாவட்டத்துக் கிராமங்களைக் கல்கத்தாவுடன் இணைப்பது. தலைவலியும் கால் வீக்கமுமாக ஒரு கர்ப்பிணி இச்சாலை வழியே வந்து சேரும்போது, அவரை இங்கேயே வைத்துக் கவனிக்கலாமா, பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்பதை மருத்துவர் விரைந்து தீர்மானித்தாக வேண்டும். அத்தீர்மானத்தைப் பற்றியே பேச விழைகிறேன்.

கருவுற்று 20 வாரங்கள் கடந்தபின் இரத்த அழுத்தம் 140/90 அளவை எட்டி, சிறுநீரில் புரதமும் காணப்படுமானால் அது பிரிஎக்லாம்ப்சியா எனப்படும். முற்றினால் வலிப்பு வரும். தாயும் சேயும் மடியக்கூடும். ஆனால் அழுத்தம் ஏறிய அனைவருக்கும் நோய் முற்றுவதில்லை. சிலருக்கோ ஓரிரு நாட்களிலேயே முற்றிவிடுகிறது. இவ்விரு சாராரையும் அழுத்தமானி பிரித்துக் காட்டமாட்டாது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பாஸ்டன் நகரில் பணியாற்றிய டாக்டர் அனந்த் கருமாஞ்சியும் அவருடைய குழுவினரும் 2003-ஆம் ஆண்டில் இதற்கொரு விளக்கம் கண்டனர். நோயுற்ற நஞ்சுக்கொடி எஸ்.எஃப்.எல்.டி.-1 என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அது, குருதி நாளங்களைப் பேணும் பி.எல்.ஜி.எஃப். என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. சினையுற்ற எலிகளுக்கு முதற்புரதத்தை மிகுவித்தபோது அழுத்தம் ஏறியது. சிறுநீரில் புரதமும் வந்தது. நமது கல்லூரி மாணவர் ஒருவரின் பங்கு என்பதில் தமிழர்க்குச் சற்றே பெருமிதம் இருப்பின் தவறில்லை.

இவ்விரு புரதங்களின் விகிதம் 38 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், நோய் ஐயத்திற்குரிய பெண்ணுக்கு அடுத்த ஒரு வாரத்தில் அது தோன்றும் வாய்ப்பு மிகக் குறைவு என 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டிற்று. விகிதம் உயர்ந்திருந்தால் நோய் உறுதி என்று பொருளல்ல; கூடுதல் கண்காணிப்பு தேவை என்பதே பொருள்.

2018-20 காலத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் மரணம் மேற்கு வங்காளத்தில் 103, தமிழகத்தில் 54. இவ்விடைவெளியைப் புதிய சோதனை மட்டும் குறைத்துவிடும் என நான் நம்பவில்லை. வலிப்பைப் பாதியாகக் குறைக்கவல்லது என 2002-இல் மெய்ப்பிக்கப்பட்ட மக்னீசியம் சல்பேட் மலிவான மருந்து. பழுதற்ற அழுத்தமானியும் அம்மருந்தும் இல்லாத நிலையத்தில் விலைமிக்க சோதனைக்கு என்ன வேலை?

எனினும் பெஹாலா போன்ற இடங்களில், வட்டார மருத்துவமனைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் நடுவே, இச்சோதனை பயன் தரும். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷித் மாத்ருத்வ அபியான் திட்டத்தில், மாதந்தோறும் 9-ஆம் நாள் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்க வேண்டும். அன்று ஐயத்திற்குரியோரின் இரத்தத்தை எடுத்து அனுப்பலாம். ஆனால் முடிவு மறுநாளுக்குள் வரவேண்டும். 38 என்னும் எண் ஒரு வாரத்திற்கே உறுதி தருகிறது. நாலாம் நாள் வரும் முடிவில் மீந்திருப்பது மூன்று நாட்களே.