ஈரச் சேலையும் உடம்புச் சூடும்



ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை மலைகளில் ஐப்பசி மழை பிடித்தாலும் நாம் படங்கு கட்டி நிரையில் நிற்கிறோம். கிலோ குறைந்தால் அரைப்பேர் போட்டுவிடுவார்கள் என்ற பயம்தான்.

நமது உடம்புச் சூடு சுமார் 37 பாகை. தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக அதை இழுத்துவிடும். ஈரச் சேலை மேலில் ஒட்டியிருக்கும்வரை சூடு போய்க்கொண்டேயிருக்கும். காற்றும் அடித்தால் சொல்லவே வேண்டாம். நடுங்குவது, தசைகளை ஆட்டி உடம்பு சூடு உண்டாக்கும் வேலை. 35 பாகைக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. கொழுந்து பிடிக்கும் விரல் வழங்காமல், பேச்சுக் குழறி, நடுக்கமும் நின்றுவிட்டால், 'குளிர் விட்டுவிட்டது' என்று எண்ணக் கூடாது. ஈரத்தைக் கழற்றி, கம்பளியால் போர்த்தி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு கிளாஸ் போட்டால் குளிர் போகும் என்பார்கள் நம் ஆண்கள். சாராயம் இரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவருகிறது. மேல் சுடும், உள்ளேயிருந்த சூடு வெளியேறிவிடும். சீனி போட்ட சுடு தேத்தண்ணிதான் நல்லது. அதற்கும் தேயிலை நாம் பறித்ததுதானே!

மலைக்கு மலை ஒதுங்கக் கொட்டில், நல்ல மழை அங்கி, நனைந்த நாளில் அரைப்பேர் இல்லை: இந்த மூன்றையும் எழுத்தில் கேட்கப்போகிறோம். எந்த மலையில் கொட்டில் இல்லையென்று உங்கள் மாதர் தலைவியிடம் இந்தக் கிழமையே சொல்லிவையுங்கள்.