யுத்தகாலத் தலைமுறைக்கு ஒரு ஞாபகார்த்த தினம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



அமெரிக்க தேசத்துக் காங்கிரஸ் சபையார் 2010ஆம் வருஷத்தில் ஒரு தீர்மானத்தை ஆதரித்தனர். இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் வாழ்ந்த தலைமுறையாரை, அதாவது போர்க்களம் சென்றோரை மட்டுமன்றித் தொழிற்சாலையில் உழைத்த பெண்களையும் வீட்டிலிருந்து கஷ்டம் சகித்தோரையும், ஆகஸ்டு மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையில் நினைவுகூர வேண்டுமென்பதே அது. நமது தேசத்தில் அத்தகைய தினம் உண்டா? டிசம்பர் 7 கொடி தினமாக இருக்கிறது. 1971ஆம் வருஷத்து வெற்றிக்கு டிசம்பர் 16 இருக்கிறது. கார்கிலுக்கு ஜூலை 26 இருக்கிறது. 1939 முதல் 1945 வரை துன்புற்றவர்களுக்கோ ஒன்றுமில்லை.

அவர்கள் சிறு கூட்டத்தாரல்லர். யுத்தம் முடியுந் தறுவாயில் இந்திய சேனையில் 25 லட்சம் பேர் இருந்தனர். சட்டத்தால் கட்டாயப்படுத்திச் சேர்க்கப்பட்டவர் அவர்களில் எவருமில்லை. ஏறக்குறைய 87,000 பேர் மாண்டனர். டில்லியில் இந்தியா கேட் என்னும் பெருவாயிலில் செதுக்கப்பட்ட பெயர்கள் 1914ஆம் வருஷத்தில் மூண்ட யுத்தத்திலும் அதையடுத்த ஆப்கன் யுத்தத்திலும் இறந்தவர்களுடையவை. அதனருகே 2019இல் திறக்கப்பட்ட தேசிய யுத்த ஸ்மாரகத்திலுள்ளவையோ சுதந்தரத்துக்குப் பின் இறந்தவர்களுடையவை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறை முழுவதும் விடுபட்டுப் போயிற்று! ரங்கூனுக்கு அருகிலும், சிங்கப்பூரிலும், இத்தாலியில் காஸினோவிலும் அவர்கள் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம் தலைநகரில் ஜனங்கள் திரளாகச் சென்று பார்க்கும் அவ்விரு ஸ்மாரகங்களிலும் இல்லை. 1944 பிப்ரவரி மாதத்தில் இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தம் உடலைச் சாய்த்துத் தோழர்களைக் காத்து உயிர்நீத்த மெட்ராஸ் ஸாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியம் ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற தமிழர். இச்சபையில் எத்தனை பேர் அப்பெயரைக் கேட்டிருக்கிறோம்?

அது நமது யுத்தமன்று என்று சிலர் ஆட்சேபிப்பர். 1939 செப்டம்பரில் நம் தலைவர்களைக் கலந்து கொள்ளாமலே வைசிராய் லின்லித்கோ இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டதும், 1942இல் தேசபக்தர்கள் சிறை புகுந்ததும் மெய்தான். இந்தியர் சிலர் பிரிட்டிஷ் சேனையிலும், சிலர் சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்திலுமாக 1944இல் இம்பால் எல்லையில் எதிரெதிரே நின்றதும் மெய்தான். எவரை நினைப்பது என்ற சங்கடத்தில் இரு திறத்தாரையும் மறந்தோம். சம்பளத்துக்காகச் சேனையில் சேர்ந்து குடும்பத்தைக் காத்தவனை நினைப்பது சாம்ராஜ்யத்தைத் துதிப்பதாகாது என்பது என் அபிப்பிராயம்.

ஆயுதமே தொடாதவர்களின் கதை இதனினும் கொடிது. 1942இல் ரங்கூன் வீழ்ந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் காட்டுவழியாகக் கால்நடையாய்ப் புறப்பட்டனர். வழியில் மடிந்தோர் ஆயிரமாயிரம். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளரையோ, ஜப்பானியர் ஆசைகாட்டியும் பலவந்தமாய்ப் பிடித்தும் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோயினர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரவரைக் கொண்டன. அங்கு மாண்ட நேசநாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரி மயானத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அதே பாதையில் விழுந்த தமிழருக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. சிப்பாயின் பெயர் ரிஜிஸ்டரில் இருந்தது. கூலியின் பெயரை எழுதி வைத்தவர் யார்?

சர்க்காரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நம் குல சரித்திரம் எழுதும்போது நாம் யாரை எழுதுகிறோம்? பட்டம் பெற்றவர்களையும் சத்திரம் கட்டினவர்களையும் எழுதுகிறோம். கங்காணி பின்னே கப்பலேறித் திரும்பாதவனை எழுதுவதில்லை. அவன் வறியவனாகையால் வம்சாவளியில் ஒரு கோடாகக்கூட நிற்கவில்லை. 1945இல் 18 வயதாயிருந்தவர் இன்று ஜீவித்திருந்தால் 100ஐ எட்டிக்கொண்டிருப்பார். அவர் வாய்மொழி கேட்கும் காலம் அநேகமாகக் கழிந்துவிட்டது. கேட்டிருந்த மக்களும் பேரரும் இருக்கிறார்கள்.

தேசம் முழுவதற்குமான தினத்தைச் சர்க்கார் அறிவிக்கும்படி நாம் விண்ணப்பம் செய்யலாம். ஜப்பான் சரணடைந்த செய்தி வந்த ஆகஸ்டு 15 இதற்கு உதவாது. இரண்டே வருஷத்தில் அந்நாள் சுதந்தரத்தின் நாளாகிவிட்டது. ஆகவே அமெரிக்கரைப் போல நாமும் ஆகஸ்டு இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையையே கேட்கலாம். விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஞாயிறன்று சங்கக் கட்டிடத்தில் ஒரு பதிவுப் புத்தகம் வைக்கலாமென்று பிரேரேபிக்கிறேன். பெயர், ஊர், சென்ற இடம், படையா தோட்டமா ரயில் பாதையா, திரும்பினாரா என்ற ஐந்து கலங்கள் போதும். இங்கே இருந்து ரேஷன் அரிசியில் குடும்பம் நடத்திய பெண்களின் பெயரையும் அவரவர் கணவர் பெயருக்குக் கீழே அன்றித் தனி வரியில் எழுத வேண்டும். அதே படையிலும் அதே பாதையிலும் உடனிருந்த மற்றச் சாதியார் பெயர் தெரிந்தால் அதையும் சேர்க்க வேண்டும். மெடல், கடிதம், சம்பளப் புத்தகம் முதலியன வைத்திருப்போர் கொண்டுவரலாம்; படமெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தரப்படும். ஒன்றுமில்லாமல் பெயர் மாத்திரம் தெரிந்தவர்களும் அவசியம் வர வேண்டும்.