ஜாதகத்தோடு ஒரு ரத்தப் பரிசோதனை
(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரன் பார்க்கத் தொடங்கியதும் ஜாதகத்தைக் கையில் எடுக்கிறோம். அதோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் சேர வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. வங்கியில் வேலை பார்த்தவன், அந்தப் பாஷையிலேயே சொல்கிறேன்.

நம் செல்லுக்குள் டி.என்.ஏ. என்றொரு லெட்ஜர் இருக்கிறது. அது பெட்டக அறையை விட்டு வெளியே வராது. தேவையான பக்கத்துக்கு ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுத்து, வேண்டாத வரிகளை வெட்டிவிட்டு, மீதியைப் படித்துத்தான் புரதம் தயாராகிறது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினும் அப்படி வந்த புரதமே. அதில் இரண்டு ஆல்பா சங்கிலி, இரண்டு பீட்டா சங்கிலி.

பீட்டாவுக்கான பக்கத்தில் ஓர் எழுத்து மாறினால் போதும். ஒருவகை மாற்றத்தில் புரதத்தின் தரம் கெடும். அதுதான் அரிவாள் செல் நோய். இந்தியாவில் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் முதலில் கண்டறிந்தார்கள். இன்னொரு வகையில் அளவே குறைந்துவிடும். அது பீட்டா தலசீமியா. இந்தியாவில் இதற்கு அதிகம் காரணமான மாற்றம், நகலை எங்கே வெட்டுவது என்று காட்டும் இடத்தில் 'ஜி' என்ற எழுத்து 'சி' ஆவது. வெட்டு தவறுவதால் சரியான நகல் கொஞ்சமே கிடைக்கிறது, பீட்டா சங்கிலியும் கொஞ்சமே தயாராகிறது. ஜோடியில்லாத ஆல்பா சங்கிலிகள் தேங்கிச் சிவப்பணுக்களை அழிக்கின்றன.

இந்தப் பக்கம் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என நமக்கு இரண்டு உண்டு. ஒன்றில் மட்டும் பிழை இருப்பவர் 'கேரியர்', நோயாளி அல்ல. லேசான சோகை இருக்கலாம். ஆனால் கணவன், மனைவி இருவருமே கேரியர் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்ற கணக்கு செல்லாது. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் முடித்தால் இருவருக்கும் ஒரே பிழை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

நோய் கடுமையான குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை அகற்றவும் மருந்து வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உண்டு. அதற்குப் பொருத்தமான கொடையாளி அமைய வேண்டும்.

எச்.பி.ஏ2 அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் கேரியரைக் காட்டிவிடும். 3.5 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவரைக் கேளுங்கள். ஒருவருக்கு இருந்தால் திருமணத்தை நிறுத்த வேண்டாம், மற்றவருக்கும் பாருங்கள். இருவருக்கும் இருந்தாலும், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கருவைப் பரிசோதிக்க வழி இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். பெண் வீட்டாரிடம் மட்டும் ரிப்போர்ட் கேட்காதீர்கள். மாப்பிள்ளையின் ரிப்போர்ட்டை முதலில் நீட்டுங்கள்.